தாளிக்காத சூப்பு

சாயங்காலம் நான்கு மணிக்கு எல்லாம் கெடத் தொடங்கியது. மணியில் எனக்குச் சந்தேகமே இல்லை. செம்பனை ஆலையின் சங்கு ஊதிக்கொண்டிருந்தபோதுதான் அத்தை பாப்பாவின் சட்டையைத் தூக்கிப் பார்த்தார். நெஞ்சிலும் வயிற்றிலும் சிவப்பு மணலைத் தூவியதுபோல் இருந்தது. சங்கு ஓய்ந்ததும் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"தாயி வந்திருக்கா. மணல்வாரி," என்றார்.

அந்த நிமிடத்திலிருந்து எங்கள் வீட்டில் அது காய்ச்சல் இல்லை, அம்மை.

பாப்பா என் தங்கை. பள்ளிக்கூடம் போகும் வயது இன்னும் வரவில்லை அவளுக்கு. அந்த மழைக்காலம் முடிவதற்குள் அவள் போய்விட்டாள். அம்மா வைத்துக் கொடுத்த சூப்புதான் அவளைக் கொன்றது என்று எங்கள் லயமே சொன்னது. வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகள். ஒரு வீட்டில் சொன்னால் கடைசி வீடுவரை கேட்கும். அம்மாவும் அதை நம்பினாள். உண்மையின் ஒரு பாதியை நான் அந்தச் சிறு வயதிலேயே என் காதால் கேட்டேன். மீதிப் பாதி போன வாரம்தான் தெரிந்தது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

போன வாரம் என் மகனுக்குக் காய்ச்சல். புக்கிட் பெருந்துங்கில் நாங்கள் இருக்கும் வரிசையில் ஏற்கெனவே டெங்கி வந்திருந்தது. கிளினிக்கில் இரத்தம் எடுத்தார்கள். டாக்டர் நம் பெண்தான், என் மகனைவிடக் கொஞ்சம் மூத்தவளாக இருப்பாள். தினமும் பத்துப் பேரிடம் சொல்வதை எங்களிடமும் சொன்னாள். "காய்ச்சல் அடிக்கிறப்ப பயப்படாதீங்க ஆன்ட்டி. காய்ச்சல் விட்டுச்சு பாருங்க, அப்பதான் பயப்படணும். கை கால் சில்லுன்னு ஆச்சுன்னா, வயிறு வலிக்குதுன்னா, வாந்தி எடுத்தாருன்னா, ஒண்ணும் யோசிக்காம ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயிருங்க."

நான் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். ஆன்ட்டிக்கு என்ன ஆச்சு என்று அவள் என் மகனைக் கேட்டாள். அவனுக்கு என்ன தெரியும்?

மகன் இப்போது தேறிவிட்டான். ஆனாலும் நான் வேலைக்கு நடுவில் எழுந்து போய் அவன் பாதத்தைத் தொட்டுப் பார்க்கிறேன். வெதுவெதுப்பாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் திரும்புகிறேன். "மா, போதும்லா. நான் என்ன பாப்பாவா?" என்று போர்வையை இழுத்துக்கொள்கிறான். அப்படி ஒருத்தி இருந்தாள் என்பதை நான் அவனிடம் சொன்னதே இல்லை.

நம் வயதுக்காரர்களுக்கு அந்த நாளைய மழை நினைவிருக்கும். நமக்குக் குளிர்காலம் என்று ஒன்று கிடையாது. ஆண்டுக் கடைசியில் கடல் பக்கமிருந்து வந்து கூரையின் மேல் உட்கார்ந்துகொள்ளும் மழைதான் நம் குளிர்காலம். கோலசிலாங்கூர் பக்கத்து எஸ்டேட்டுகளில் இருந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. செம்பனைக்கு நடுவில் வெட்டிய கால்வாய்கள் நிரம்பி, சாலை எது, கால்வாய் எது என்று தெரியாமல் போகும். துணி காயாது. விறகு காயாது. பாய் தரையோடு ஒட்டிக்கொள்ளும். தகரக் கூரையில் மழை விழும் சத்தத்தில், பக்கத்தில் இருப்பவரிடமே உரக்கப் பேச வேண்டியிருக்கும். எங்கள் வீட்டில் அந்தச் சத்தத்தைச் சாக்காக வைத்துப் பேசாமலே இருந்துவிடுவார்கள்.

அந்த மழையில்தான் அம்மா சூப்பு வைப்பாள். அது எங்கள் வழக்கத்துச் சாப்பாடு இல்லை. அம்மாவோடு செம்பனைக் காட்டில் உதிரிப் பழம் பொறுக்கிய ஒரு மலாய்க்கார அம்மா, மாச்சிக் என்போம், சொல்லிக்கொடுத்தது. அந்த மாச்சிக் சுங்கை புரோங்கில் வாழ்க்கைப்பட்டுப் போய்விட்டார். அவருடைய சூப்பு எங்கள் வீட்டில் தங்கிவிட்டது. மிளகு, சீரகம், கொத்தமல்லி மூன்றையும் அம்மா உரலில் ஒன்றிரண்டாக இடிப்பாள். இஞ்சியைத் தோலோடு நசுக்குவாள். பூண்டும் தோலோடுதான். ஒரு துண்டு பட்டை, ஒரு அன்னாசிப்பூ, ரெண்டு கிராம்பு. எல்லாவற்றையும் ஒரு வெள்ளைத் துணியில் கொட்டி முடிச்சுப் போடுவாள். அந்தத் துணி அப்பாவின் பழைய வேட்டியிலிருந்து கிழித்தது. துவைத்துத் துவைத்து மஞ்சளும் பழுப்புமாக ஆகியிருக்கும். முடிச்சைத் தண்ணீரில் போட்டுக் கொதிக்கவிட்டு, வாசனை வரும்போது காய்களைப் போடுவாள். முள்ளங்கி, பரங்கிக்காய், கேரட், உருளைக்கிழங்கு, வாரம் ஒருமுறை வரும் சீனக் காய்கறிக்காரரின் லோரியில் மிஞ்சிக் கிடக்கும் முட்டைக்கோஸ். கடைசியாகச் சின்ன வெங்காயத்தைப் பொன்னிறமாகப் பொரித்து எண்ணெயோடு மேலே ஊற்றுவாள். டவுன் சூப் என்கிற அந்த வாசனைக் கீரையைக் கிள்ளிப் போடுவாள். அவ்வளவுதான்.

அது தொண்டையில் இறங்கும்போது காது மடல்வரை சூடு ஏறும். பாப்பாவுக்கு என்று ஒரு எனாமல் மங்கு இருந்தது. நீல விளிம்பு, வயிற்றில் ஒரு கிளி. கிளியின் அலகுவரை ஊற்றினால்தான் வாங்கிக்கொள்வாள். குறைந்தால், "கிளிக்குத் தாகமா இருக்கும்மா" என்பாள். காய்களைச் சாப்பிடமாட்டாள். என் தட்டில் தள்ளிவிடுவாள். அந்த மங்கு எங்கே போனதென்று தெரியவில்லை. பிறகு எத்தனையோ கடைகளில் நீல விளிம்பு மங்குகளைப் பார்த்துவிட்டேன். ஒன்றிலும் அந்தக் கிளி இல்லை.

இதை ருசிக்காகச் சொல்லவில்லை. அந்தச் சூப்பில் என்ன இருந்தது என்பது உங்களுக்குத் தெரிய வேண்டும். விஷம் வைத்ததுபோல் பேசினார்களே, அதற்காக.

அத்தை, அப்பாவின் அக்கா. பக்கத்து வீட்டில் இருந்தார். தாய் இல்லாத அப்பாவை வளர்த்தவர் அவர்தான். அப்பாவுக்கு எஸ்டேட்டில் வேலை வாங்கிக்கொடுத்தது, கல்யாணம் முடித்து வைத்தது எல்லாம் அவர். திருவிழாவில் மாரியம்மன் கரகம் அவர் தலையில்தான் ஏறும். அம்மை விஷயத்தில் லயத்தில் அவர் சொன்னதுதான் தீர்ப்பு. அவர் பார்த்து எத்தனையோ பிள்ளைகளுக்கு இறங்கியும் இருக்கிறது. அதையும் சொல்லத்தான் வேண்டும். அவர் சொன்னதை எல்லாரும் நம்பியதற்குக் காரணம் இருந்தது.

அன்று மாலையே கோயில் மரத்திலிருந்து வேப்பிலை ஒடித்து வந்து வாசலில் செருகினார். தாழ்வாரத்தில் பெரிய அலுமினியக் குண்டானில் தண்ணீர் நிரப்பி, மஞ்சளும் வேப்பிலையும் போட்டு வைத்தார். அம்மை இறங்கியதும் பாப்பாவுக்குத் தலைக்கு ஊற்றும் தண்ணீர் அது. பிறகு அம்மாவைக் கூப்பிட்டு விதிகளைச் சொன்னார். உங்களுக்குத் தெரிந்தவைதான். தாளிக்கக் கூடாது. கடுகு வெடிக்கும் சத்தம் தாய்க்கு ஆகாது. எண்ணெய்ச் சட்டி அடுப்பில் ஏறக் கூடாது. கறி மீன் கிடையாது. தலை வாரக் கூடாது. வெளியாள் உள்ளே வரக் கூடாது. பிள்ளைக்கு இளநீர், மோர், கூழ். மருந்து மாத்திரை கூடவே கூடாது. ஊசி போட்டால் தாய் கண்ணைப் பறித்துக்கொண்டு போய்விடுவாள்.

அம்மா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். அம்மா எதிர்த்துப் பேசும் ஆள் இல்லை. ஆனால் அன்று ஒரு வார்த்தை கேட்டாள். பாப்பா கண்ணுக்குப் பின்னால் வலிக்கிறது என்கிறாளே, எலும்பெல்லாம் நோகிறது என்று அழுகிறாளே, மணல்வாரிக்கு அப்படி இருக்குமா என்று. அத்தை அப்பாவைப் பார்த்தார். அப்பா அம்மாவைப் பார்த்தார். அதோடு அந்தக் கேள்வி முடிந்தது.

எஸ்டேட்டில் டிரெசர் இருந்தார். ஆஸ்பத்திரி என்று நாங்கள் சொன்ன அந்தச் சின்னக் கட்டடத்தில் மருந்து கொடுப்பவர், ஊசி போடுபவர் அவர்தான். லயத்தில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அடைமழையில் மோட்டார் சைக்கிளில் வந்து எங்கள் வீட்டு எதிரில் நிறுத்தினார். நான் சன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். பையைக் கையில் எடுத்துவிட்டார். அப்போது வாசலில் இருந்த வேப்பிலையைப் பார்த்தார். பையைத் திரும்ப மாட்டினார். சேற்றில் செருப்பைக் கழற்றிவிட்டு, மழையில் நனைந்தபடி எங்கள் வீட்டைப் பார்த்துக் கைகூப்பினார். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

படித்த மனிதர். நல்ல மனிதர். கும்பிட்டுவிட்டுப் போனார். போன வாரம் என் மகனுக்கு இரத்தம் எடுத்த இடத்தில் ஒட்டியிருந்த பஞ்சைப் பார்த்தபோது எனக்கு அந்தக் கூப்பிய கைகள்தான் ஞாபகத்துக்கு வந்தன. அவர் வணங்காமல் உள்ளே வந்திருக்கலாம்.

அப்புறம் ஒரு காலையில் காய்ச்சல் விட்டது.

வீடே சந்தோஷப்பட்டது. அத்தை பாப்பாவின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார், கையைத் தொட்டார், பாதத்தைத் தொட்டார். எல்லாம் குளிர்ந்திருந்தன. "பாத்தியா, தாயி குளுந்துட்டா," என்று அம்மாவிடம் சொன்னார். அம்மனின் மனம் குளிர்ந்துவிட்டது, இனிப் பயமில்லை என்று அர்த்தம். அப்பா அன்றுதான் பல நாளுக்குப் பிறகு சவரம் செய்துகொண்டார். அத்தை கோயிலுக்குக் கூழ் ஊற்ற ஏற்பாடு செய்யக் கிளம்பினார். அக்கம்பக்கத்துப் பெண்களும் அவரோடு போனார்கள். அப்பா வேலைக்குப் போனார்.

அம்மா மட்டும் சந்தோஷப்படவில்லை. பாப்பாவின் பாதத்தைத் தன் இரண்டு கையிலும் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் பக்கத்தில் போனதும் என் கையைப் பிடித்து அந்தப் பாதத்தின்மேல் வைத்தாள். ஈரத் தரையில் கிடந்த மீனைத் தொட்டதுபோல் இருந்தது. பாப்பாவின் உதட்டைச் சுற்றி வெளுத்திருந்தது. வயிறு வலிக்கிறது என்று முனகினாள். முதல் நாள் அழுததுபோல் அழவில்லை, அழக்கூடத் தெம்பில்லை.

"இது நல்ல குளுரு இல்ல," என்றாள் அம்மா. என்னிடம் சொல்லவில்லை. யாரிடமும் சொல்லவில்லை.

இந்த ஒரு வாக்கியத்தைத்தான் போன வாரம் அந்த டாக்டர் பெண் வேறு வார்த்தைகளில் திரும்பச் சொன்னாள். காய்ச்சல் விட்டது பார், அப்போதுதான் பயப்பட வேண்டும். அந்த லயத்தில் அது தெரிந்தது ஒரே ஒருத்திக்குத்தான். எப்படித் தெரிந்தது என்று அவளைக் கேட்டால் சொல்லத் தெரியாது. கையில் தெரிந்தது.

அம்மா எழுந்தாள். சாலை தண்ணீருக்குள் கிடந்தது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போகலாம். ஆனால் வேப்பிலை கட்டிய வீட்டிலிருந்து அம்மைப் பிள்ளையை வெளியே தூக்குகிறவளை லயம் என்ன செய்யும் என்று அவளுக்குத் தெரியும். இன்று எனக்குக் காரும் போனும் இருக்கின்றன. மகனைத் தூக்கிப் போக யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. அம்மாவிடம் இருந்தது ஓர் அடுப்பும் ஓர் உரலும். குளிரும் பிள்ளைக்குச் சூடு வேண்டும். அவளுக்குத் தெரிந்த சூடு ஒன்றுதான்.

மிளகை உரலில் இடித்தால் சத்தம் வெளியே கேட்கும் என்று, துணிக்குள் வைத்து உரல் குழவியால் அழுத்தி நசுக்கினாள். துணியின் முடிச்சை இரண்டு முறை போட்டாள். முள்ளங்கியும் பரங்கியும் போட்டாள். வெங்காயத்தைக் கையில் எடுத்தாள். பிறகு வைத்துவிட்டாள். எண்ணெய் கூடாது. தாளிக்கக் கூடாது. அந்த அளவில் விதியை மீறவில்லை என்று அவள் நினைத்திருக்க வேண்டும். அடுப்பில் கொதித்தது தாளிக்காத சூப்பு. கடுகு வெடிக்கவில்லை. தாய்க்குக் கேட்டிருக்காது.

பாப்பாவை மடியில் சாய்த்துக் கிளி மங்கில் ஊற்றி ஊதி ஊதிக் கொடுத்தாள். பாப்பா கொஞ்சம் குடித்தாள். கிளிக்குத் தாகம் என்று சொல்லவில்லை. இன்னும் ரெண்டு வாய் என்று அம்மா கெஞ்சினாள். குடித்தாள். உதட்டில் கொஞ்சம் நிறம் வந்ததுபோல் இருந்தது. அல்லது எனக்கு அப்படித் தோன்றியது. அம்மா முதல்முறையாக மூச்சை விட்டாள்.

அப்போது அத்தை திரும்பி வந்தார். வாசற்படியிலேயே நின்றார். தாளிப்பு வாசனை இல்லாவிட்டாலும் மிளகுக்கு வாசனை உண்டு. மழைக்குள் அது நிற்கும். நேராக அடுப்படிக்குப் போனார். கரண்டியைப் பானைக்குள் விட்டு அந்த முடிச்சைத் தூக்கினார். சொட்டச் சொட்ட வெளியே கொண்டுவந்தார். பின்னால் வந்த பெண்கள் எல்லாம் பார்க்கும்படி அதைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"தாயி இருக்கிற வீட்டுல மொளகு அவிச்சியாடி?"

"தாளிக்கல அண்ணி," என்றாள் அம்மா. "ஒரு சொட்டு எண்ணெ ஊத்தல. பிள்ளைக்குக் குளுருதுன்னுதான்."

"குளுந்தவள நீ கொதிக்க வச்சிட்டே."

கொஞ்ச நேரத்தில் பாப்பா வாந்தி எடுத்தாள். முதலில் சூப்பு வந்தது. பிறகு கறுப்பாக, காப்பித் தூளைக் கரைத்ததுபோல் வந்தது. வாசலில் நின்ற ஒருத்தி, "வயித்த சுட்டுருச்சு," என்றாள். அந்த ஒரு சொல் போதுமானதாக இருந்தது. எல்லாரும் அம்மாவைப் பார்த்தார்கள்.

அப்பாவுக்கு ஆள் ஓடியது. பழக்குலை ஏற்றும் லோரி ஒன்று தண்ணீருக்குள் இறங்கி டவுன் ஆஸ்பத்திரிவரை போகும் என்றார்கள். அப்பா பாப்பாவைப் போர்வையில் சுற்றி மார்போடு அணைத்து ஏறினார். அம்மாவும் ஏறப் போனாள். அத்தை அவள் கையைப் பிடித்து நிறுத்தினார். நீ செஞ்சது போதும் என்று சொன்னதாக ஞாபகம். மழைச் சத்தத்தில் எனக்குச் சரியாகக் கேட்கவில்லை. அம்மா நின்றுவிட்டாள். கையில் கிளி மங்கு இருந்தது. அதில் மழை விழுந்துகொண்டிருந்தது.

அப்பா மறுநாள் மத்தியானம் வந்தார். போர்வையில் சுற்றிப் போனவளைப் போர்வையில் சுற்றியே கொண்டுவந்தார். அழுகையெல்லாம் ஓய்ந்த ஓர் இடைவெளியில் அம்மா அவரிடம், டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டாள். அப்பா முதலில் அக்காவின் முகத்தைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார்.

"லேட்டாயிருச்சுன்னாங்க."

"மொளகக் குடிக்க வச்சுக் கொண்டுபோனா, எந்த டாக்டரு என்ன பண்ணுவான்," என்றார் அத்தை.

அப்பா மறுக்கவில்லை.

அந்த நாட்களை நான் நீட்டி எழுதப் போவதில்லை. அம்மா வேலைக்குத் திரும்பிய முதல் நாள், விடிவதற்கு முன்னால் பெயர் கூப்பிடும் பெரட்டுக்கு வரிசையில் நிற்கும்போது, பின்னாலிருந்து ஒரு பெண் என்ன இன்னைக்கு வீட்டுல சூப்பா என்று கேட்டாளாம். இன்னொருத்தி சிரித்தாளாம். தன்மேல் வந்த பழியை அம்மா ஒருநாளும் மறுக்கவில்லை. துணி முடிச்சை அடுப்பில் போட்டு எரித்தாள். உரலைத் தாழ்வாரத்துக்குத் தள்ளி, கவிழ்த்து வைத்தாள். அம்மனுக்குத் தீ மிதிப்பதாக நேர்ந்துகொண்டு மிதித்தாள். அவளுக்கு முன்னால் கரகம் தூக்கிப் போனது அத்தை.

சாகும்வரை அம்மா மிளகைக் கையால் தொடவில்லை. என் பிரசவத்தின்போது பத்தியத்துக்கு மிளகு ரசம் வைக்கக்கூடப் பக்கத்து வீட்டுப் பெண்ணைத்தான் கூப்பிட்டாள். அவள் வைக்கும்போது இவள் வெளியே போய் நின்றுகொண்டாள்.

இன்னொன்றும் உண்டு. அந்த மழைக்காலத்துக்குப் பிறகு அம்மா அப்பாவுக்குப் பரிமாறியதில்லை. சமைப்பாள். தட்டில் போடுவாள். தட்டை மேசையில் வைத்துவிட்டுப் போய்விடுவாள். அப்பா அதைத் துக்கம் என்று ஊருக்குச் சொன்னார். நானும் நெடுங்காலம் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

அப்பா கெட்டவர் இல்லை என்று எழுதத்தான் ஆசை. குடித்ததில்லை, அடித்ததில்லை. என்னைப் படிக்க வைத்தவர் அவர்தான். அவர் பொய்கூடச் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்தார், அவ்வளவுதான். சொல்லியிருந்தால் தன்னை வளர்த்த அக்காவைத் தன் கையால் இறக்கி வைக்க வேண்டும். தானும் அந்தக் காலையில் சவரம் செய்துகொண்டு வேலைக்குப் போனதற்குப் பதில் சொல்ல வேண்டும். அம்மாவின் தலையில் அது ஏற்கெனவே ஏறிவிட்டது. அங்கேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டார். அவள் சுமப்பாள் என்று அவருக்குத் தெரியும். சுமந்தாள்.

மூவரும் இப்போது இல்லை. அம்மா கடைசியாகப் போனாள். உன் கை சொன்னதுதான் சரி, நீ பயந்ததுதான் சரி, அந்தக் குளிர் நல்ல குளிர் இல்லை என்று டாக்டரே சொல்கிறார் என்று அவளிடம் சொல்ல வேண்டும். போன வாரம் கிளினிக்கிலிருந்து வெளியே வந்ததும் போனை எடுத்தேன். அவள் எண் இன்னும் அதில் இருக்கிறது. மகன், யாருக்கும்மா அடிக்கிறே என்றான். கையை இறக்கினேன்.

வீட்டுக்கு வந்து அந்தச் சூப்பை வைத்தேன். இத்தனை வருடங்களில் முதல்முறை. துணிக்கு என் மகனின் பழைய பள்ளிச் சட்டையைக் கிழித்தேன். வெங்காயத்தைப் பொரித்து ஊற்றினேன், வீடெல்லாம் கேட்கும்படி. அவன் குடித்துவிட்டு, நல்லா இருக்கே, ஏன் இத்தனை நாள் வைக்கல என்றான். காரம் கண்ணில் ஏறிவிட்டதாக நான் சொல்லிக்கொண்டேன்.

உண்மையின் ஒரு பாதியை அன்றே கேட்டேன் என்றேன் அல்லவா? என்னோடு லயமும் கேட்டது, கேட்டும் சூப்பைத்தான் சொன்னது. அது பாப்பாவின் கருமாதிக்கு முன்னால். மழை விட்டு முதல் வெயில் அடித்த காலை. லயத்தின் முனையில் சுகாதார இலாகா வண்டி ஒன்று வந்து நின்றது. முதுகில் புகை இயந்திரம் மாட்டிய மலாய்க்காரர் ஒருவர் இறங்கினார். அவரோடு காக்கிச் சட்டை போட்ட நம் ஆள் ஒருவர். வீட்டுக்கு வீடு சாப்பாட்டுப் பானைகளை மூடச் சொன்னார், பிள்ளைகளை வெளியே கூட்டிவரச் சொன்னார். புகை அடித்துக்கொண்டே எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். எல்லாரும் தாழ்வாரத்துக்கு வந்து நின்றோம். அப்பா, அத்தை, அம்மா, நான். பக்கத்து வீட்டுப் பெண்களும் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றார்கள்.

காக்கிச் சட்டைக்காரர் அந்த அலுமினியக் குண்டானைப் பார்த்தார். அம்மை இறங்கியதும் பாப்பாவுக்கு ஊற்ற வைத்த தண்ணீர். அது அப்படியே இருந்தது. கொட்டுவதற்கு யாருக்கும் கை வரவில்லை. அவர் அதைச் சாய்க்கப் போனபோது, தொடாதீங்க தம்பி, அது தாயி தண்ணி என்று அத்தை தடுத்தார். அவர் அத்தையைக் கிட்டே கூப்பிட்டு, வேப்பிலையை விலக்கிக் காட்டினார். நானும் எட்டிப் பார்த்தேன். மஞ்சள் தண்ணீரில் சின்னச் சின்னப் புழுக்கள் தலைகீழாகத் துள்ளிக்கொண்டிருந்தன. அவர் தண்ணீரைக் கால்வாயில் கொட்டினார். பிறகு, தவறிப்போன பிள்ளையின் வீடு இதுதானே என்று மெதுவாகக் கேட்டார்.

யாரும் கேட்காமலே அம்மா முன்னால் வந்தாள்.

"நான்தான் தம்பி. அம்ம போட்டிருந்த பிள்ளைக்கு மொளகு போட்டு சூப்பு வச்சுக் குடுத்துட்டேன்."

அவர் புரியாமல் அவளைப் பார்த்தார். பிறகு அப்பாவைப் பார்த்தார். அப்பா தலையைத் தூக்கவில்லை. அவர் மறுபடியும் அம்மாவிடம் திரும்பினார்.

"சூப்பு என்னம்மா பண்ணும்? பிள்ளைக்கு டெங்கி. அன்னிக்கே ஆஸ்பத்திரியில ஒங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லித்தான் அனுப்பியிருக்காங்க. அவரு ஒங்ககிட்ட சொல்லலையா?"